ஏ.ஏ. கூட்டத்தைத் தேடும்போது நடக்கும் தவறுகள்

குடியை விட உதவும் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று கைப்பேசியில் தேடினால், முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் மறுவாழ்வு மையங்கள்தான். முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., ஒரு சிகிச்சை மையம் அல்ல. அதற்குப் படுக்கை கிடையாது, மருந்து கிடையாது, கட்டணமும் கிடையாது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் ஓர் அறையில் கூடி, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தங்கள் அனுபவத்தைப் பேசிவிட்டுக் கலைவார்கள். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கிய வழி இது.

ஆகவே போனை எடுத்தவர் மாதத்துக்கு இத்தனை ஆயிரம் என்றாலோ, "வண்டி அனுப்புகிறோம், ஆளை நாங்களே ஏற்றிக்கொள்கிறோம்" என்றாலோ, அது ஏ.ஏ. இல்லை. உள்நோயாளியாகச் சேரவேண்டிய நிலை இருந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஏ.ஏ. கூட்டத்தில் பணம் என்று வருவது, அறை வாடகைக்கும் டீக்கும் சுற்றிவரும் ஒரு பை மட்டுமே. புதிதாக வந்தவர் அதில் எதுவும் போடவேண்டியதில்லை.

அடுத்த தவறு, பழைய முகவரியை நம்பிக் கிளம்புவது. குழுவுக்குச் சொந்தக் கட்டடம் இருப்பது அபூர்வம். பள்ளி வகுப்பறை, தேவாலயத்தின் பின்பக்க அறை, சமூகக்கூடம் என்று இரவல் இடத்தில்தான் கூடுவார்கள். கூட்டம் வியாழன் மாலை என்றால் செவ்வாயன்று போய்ப் பார்ப்பவருக்குப் பலகைகூடக் கண்ணில் படாது. பள்ளியில் தேர்வு, தேவாலயத்தில் திருவிழா என்றால் அறை மாறும். அதனால் அந்தப் பகுதிக் குழுவின் உதவி எண்ணுக்குக் கூட்டம் நடக்கும் நாளன்றே மதியம் அழைத்துவிடுங்கள். தமிழில் நடக்கிறதா, ஆங்கிலத்திலா? எந்த கேட், எந்த மாடி? யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் வரும் மூடிய கூட்டமா? கடைசியாக, "நான் முதல்முறை வருகிறேன், வாசலில் யாராவது நிற்க முடியுமா?" என்றும் தயங்காமல் கேளுங்கள். கேட் வரை வந்து, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கால் தானாக உள்ளே போகும். உள்ளே முழுப்பெயரோ வேலையோ யாரும் கேட்கமாட்டார்கள். குழுவின் எண் கிடைக்கவில்லையென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

உயிருக்கே ஆபத்தாகும் தவறு ஒன்று உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர், "சுத்தமாகத்தான் போகவேண்டும்" என்று கூட்டத்துக்கு முன் திடீரென்று குடியை நிறுத்துவது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இடம் காலம் குழம்பும், காய்ச்சலும் சேரும். இதைச் சமாளிக்கும் மருந்து கூட்டத்தில் கிடையாது. காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலையிலிருப்பவரும், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவரும் முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அவர் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும் வைட்டமின் பி1உம் கொடுத்துக் குடியை நிறுத்தவைப்பார். குடித்த நிலையில் கூட்டத்துக்குப் போனாலும் பொதுவாக விரட்டமாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தும்படி சக உறுப்பினர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அவருடைய சொந்தக் கருத்துதான், ஏ.ஏ. மருத்துவ ஆலோசனை தருவதில்லை.

மனைவியோ அம்மாவோ கணவரை, மகனைக் கையோடு கூட்டிப்போய் மூடிய கூட்டத்தின் வாசலில் நிற்க நேர்வதும் உண்டு. மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்தில் யாரும் உட்காரலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் அங்கே போகலாம், போகவேண்டும்.

தேவாலய அறையில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று ஒதுங்கவேண்டாம். இடம் மட்டும்தான் தேவாலயத்துடையது. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி.

நாள் தேர்விலும் கவனம் வையுங்கள். டாஸ்மாக் கடை மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கிறது. வழக்கமாக நீங்கள் குடிக்கப் போகும் நேரத்தில் நடக்கும் கூட்டமாகப் பார்த்துப் போனால் அந்த நேரம் அங்கேயே கழியும். முதல் கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. நாலைந்து கூட்டமாவது பார்க்காமல் "நமக்குச் சரிவராது" என்று முடிவு கட்டாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எண்கள் கைமாறும். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் இரண்டு மூன்று எண்கள் வாங்கி, அன்றிரவே ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள். கை பாட்டிலைத் தேடும் நேரத்தில், முன்பின் பேசாத எண்ணை அழைக்க மனம் வராது.