பழைய பிரெஞ்சு இசை நூல்களின் காலத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகப்பில் உள்ள ஆண்டை அப்படியே நம்புவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. பாரிஸ் அச்சகர் பியர் அத்தேஞான் வெளியிட்ட நான்கு குரல் பாடல் தொகுப்பில் 1527 ஏப்ரல் 4 என்று இருக்கும். நம் கணக்கில் அது 1528. அன்றைய பாரிஸில் புத்தாண்டு ஈஸ்டரன்றுதான் பிறந்தது. 1528இல் ஈஸ்டர் வந்ததோ ஏப்ரல் 12. ஜனவரி முதல் தேதியை ஆண்டுத் தொடக்கமாக்கிய அரசாணை 1564இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நூல்களில் ஜனவரிக்கும் ஈஸ்டருக்கும் இடைப்பட்ட தேதி இருந்தால் ஓர் ஆண்டைக் கூட்டிப் பாருங்கள்.

அத்தேஞானின் பக்கங்களில் சுரக்குறிகளைத் தாங்கும் கிடைக்கோடுகள் ஆங்காங்கே விட்டுவிட்டுத் தெரியும். அதை மட்டமான வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1501இல் வெனிஸில் பெத்ரூச்சி என்ற அச்சகர் கோடுகளையும் சுரக்குறிகளையும் தனித்தனியாக அச்சிட்டார். அழகுதான், ஆனால் ஒரே தாள் பலமுறை அச்சுக்குள் போக வேண்டும். அத்தேஞானின் ஒவ்வோர் அச்செழுத்திலும் (கோத்து அச்சிடும் சிறு உலோகத் துண்டு) சுரக்குறியோடு கோட்டின் ஒரு துண்டும் சேர்ந்தே இருந்ததால் ஒரே அழுத்தத்தில் வேலை முடிந்தது. அந்தச் சிறு இடைவெளிகள் இந்த முறையின் அடையாளம்.

சுரக்குறி சாய்சதுரமாக இருந்தால் 16ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டுவதும் தப்பு. அத்ரியான் லெ ருவாவும் ராபேர் பலாரும் 1551இல் இரண்டாம் ஆன்றி மன்னரிடம் இசை அச்சிட உரிமம் பெற்றார்கள். 1553இல் அரச இசை அச்சகர்கள் ஆனார்கள். பலார் குடும்பம் அதே வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் பிடித்துக்கொண்டது. 1679 முதல் அவர்கள் அச்சிட்ட இசையமைப்பாளர் லுல்லியின் ஓபராக்களிலும் (இசை நாடகங்கள்) சாய்சதுரம்தான்.

சரி, பலார்களிடம் ஏகபோகம் இருந்ததால் பிரான்சின் இசையெல்லாம் அவர்கள் அச்சகத்திலிருந்தே வந்ததா? இல்லை. அந்த உரிமை அச்செழுத்துக்குத்தான்; உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. இசையமைப்பாளர்களான மாரேயின் வியோல் என்ற வில் வாத்திய இசை (1686), கூப்பரானின் ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்திய இசை (1713) எல்லாம் இப்படி வந்தவை.

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். அச்செழுத்துகளை வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். செதுக்கிய தகடு அப்படியே இருக்கும். கேட்பவர் வரவர, பல ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்து பிரதி எடுக்கலாம், முகப்பில் ஆண்டு மட்டும் மாறாமல் நிற்கும். அதனால் விற்பனைக் கடையின் முகவரி, விலை, தாளின் நீர்க்குறி (ஒளியில் பிடித்தால் தெரியும் முத்திரை), தகட்டின் தேய்மானம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிரதியின் காலத்தைச் சொல்லுங்கள்.