பாதைக்கும் பஸ்ஸுக்கும் யாரிடம் கேட்பது? மலையகத்துக்கு ஒரு செய்முறை

தோட்டப்பாதை மழையில் அரித்துப்போனால் ஊரே கூடி மகஜர் எழுதுகிறது. பல வேளைகளில் அது போய்ச் சேருவது அந்தப் பாதைக்குப் பொறுப்பே இல்லாத அலுவலகத்துக்கு. ஆகவே எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

படி 1: பாதை யாருடையது?
ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 அப்படிப்பட்டது. சி, டி தரம் மாகாணத்துக்கு. ஊருக்குள் இருக்கும் சிறு பாதைகள் பிரதேச சபைக்கு. அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல்: கொழுந்து லொறியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் பாதை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கலாம். தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்ய முன்பு சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018 இல் வந்த திருத்தம் அதற்கு வழி திறந்தது. "தோட்டத்துக்குள்ள சபை வராது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். நுவரெலியா, அம்பகமுவ சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிந்துவிட்டன. உங்கள் தோட்டம் இப்போது எந்தச் சபையில், கொட்டகலையா, அக்கரப்பத்தனையா, நோர்வூட்டா, மஸ்கெலியாவா என்பதையும் பாருங்கள்.

பஸ் என்றால் கணக்கு வேறு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபை அனுமதி தருகிறது. எல்லை தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்குத் தூரம் கொஞ்சம்தான், ஆனால் அது ஊவாவிலிருந்து மத்திய மாகாணத்துக்குப் போகும் பயணம். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் என்றால் டிப்போவில் தொடங்குங்கள்.

படி 2: விவரம் சேருங்கள்
கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளில், பகலில் நடக்கின்றன. கொழுந்து எடுக்கும் பெண்கள் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். அந்தப் பாதையில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தான், அவர்கள் சொல்லாமல் எந்தத் திட்டமும் முழுமையாகாது. மாலையில் லயத்துக்குப் போய்க் கேளுங்கள்: எந்த நேரத்துப் பஸ் வேண்டும், எந்த மதகு அடைத்து வடிகான் தண்ணீர் பாதையில் ஏறுகிறது, நோயாளியை எங்கிருந்து தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். மழை நாளில் படம் எடுங்கள்.

படி 3: ஒரு கடிதம், ஒரு கோரிக்கை
தமிழிலேயே எழுதுங்கள், அது அரசியலமைப்பு தந்த உரிமை. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பாதீடு தயாராகும் முன், ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே கடிதம் போய்ச் சேரட்டும். உங்கள் வட்டார உறுப்பினரிடம் பிரதி கொடுத்து, மாதாந்த அமர்விலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் பேசச் சொல்லுங்கள்.

பெரிய வீதித் திட்டம் வந்தால், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். மண்சரிவு நடந்த இடங்களை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? எழுதி அனுப்புங்கள்.

படி 4: பதில் வராவிட்டால்
கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதியையும் துண்டையும் பத்திரமாக வையுங்கள். பிறகு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், "எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று தகவல் அலுவலரிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.