சந்தா நின்ற பின்னும் பழைய மின்னிதழ்களைப் படிக்க வழி செய்வது எப்படி?

கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் சுயநிதிக் கல்லூரிகளே மிகுதி. ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது என்பதால், இக்கல்லூரிகள் மின்னிதழ்ச் சந்தாவைத் தாமே செலுத்துகின்றன. நிதி குறைந்தால் தாமே நிறுத்துகின்றன. நிறுத்திய அச்சிதழின் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழோ வெளியீட்டாளரின் சர்வரில் இருப்பதால், பணம் கட்டிய ஆண்டுகளுக்கான உரிமையைக் கல்லூரி நூலகர்களாகிய நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

படி 1: உரிம ஒப்பந்தத்தை எடுத்து, சந்தா முடிந்த பின்னும் படிக்கும் உரிமை உண்டா என்று பாருங்கள். பல வெளியீட்டாளர்களின் இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளங்களில் இவ்வுரிமை பொதுவாக இராது. சந்தாவோடு இலவசமாகக் கிடைத்த பழைய ஆண்டுகளும் பெரும்பாலும் சந்தாவோடு போய்விடும்.

படி 2: இதுவே முக்கியமானது, பலரும் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். ஒவ்வோர் இதழுக்கும் பெயர், ஐ.எஸ்.எஸ்.என். எண் (இதழை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்), பணம் செலுத்திய ஆண்டுகள், இன்வாய்ஸ் எண் ஆகியவற்றை எக்செல் தாளில் பதியுங்கள். சந்தா முகவர் வழியாக வாங்கியிருந்தால் பழைய இன்வாய்ஸ்களை அவரிடமும், தணிக்கைக்காகக் கல்லூரிக் கணக்குப் பிரிவு வைத்திருக்கும் கோப்புகளிலும் தேடலாம். இதழ் இடையில் வேறு வெளியீட்டாளருக்குக் கைமாறியிருந்தால், புதியவரின் பதிவேட்டில் நம் பெயர் விடுபட்டிருக்கக்கூடும். அப்போது வாதத்துக்கு நிற்கும் ஒரே சான்று அந்த இன்வாய்ஸ்தான்.

படி 3: சந்தா முடிவதற்கு முன்பே, இந்தப் பட்டியலை இணைத்து, எந்த ஆண்டுகள் திறந்திருக்கும் என்பதை மின்னஞ்சலில் உறுதி செய்யுமாறு வெளியீட்டாளரிடம் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன சொல் கோப்பில் நிற்காது. உரிமை இருந்தாலும் தளப் பராமரிப்புக்கென ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 4: சந்தா நின்றதும், கல்லூரியின் ஐ.பி. முகவரிக்குள் (வெளியீட்டாளர் நம்மை அடையாளம் காணும் இணைய முகவரி) இருந்து, பணம் கட்டிய ஒவ்வோர் ஆண்டின் இதழிலிருந்தும் ஒரு கட்டுரையின் பி.டி.எஃப்.பைத் திறந்து பாருங்கள். சுருக்கம் மட்டும் தெரிவது அணுகல் ஆகாது. இணையச் சேவை நிறுவனத்தை மாற்றியிருந்தால் ஐ.பி. மாறியிருக்கும் என்பதால், புகார் எழுதுமுன் அதைச் சரிபாருங்கள்.

படி 5: வெளியீட்டாளரே இதழைக் கைவிட்டால் என்ன ஆகும்? ஐ.எஸ்.எஸ்.என். மையத்தின் கீப்பர்ஸ் பதிவேட்டில் இதழைத் தேடினால், போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற காப்பகங்களில் எந்தத் தொகுதிகள் உள்ளன என்பது கட்டணமின்றித் தெரியும். இதழ் எங்குமே கிடைக்காமல் போனால் கிளாக்ஸ் தன்னிடமுள்ள பிரதியை எல்லோருக்கும் திறந்துவிடும். போர்ட்டிகோவோ பொதுவாகத் தன் உறுப்பு நூலகங்களுக்கு மட்டும் தரும்.

இறுதியாக, நூலகப் பட்டியலில் அந்த இதழின் பதிவை நீக்கிவிடாமல், ‘2012 முதல் 2023 வரை’ என்பதுபோல் ஆண்டு வரம்பை மட்டும் திருத்துங்கள்.