ரெய்டுக்கு எத்தனை பேர்? ஆள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெய்டு என்பது இணைய விளையாட்டில் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து பாஸ் என்ற பெரிய எதிரியை வீழ்த்தும் ஆட்டம். புதிதாக ரெய்டுக் குழு சேர்ப்பவர்கள் எந்த பாஸ், எந்தக் கடினநிலை என்றுதான் முதலில் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குக் கணினி முன்னால் நிஜமாகவே எத்தனை பேர் உட்காருவார்கள் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். சில குழுக்களில் வரவே வராது. நான் பார்த்தவரை, சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் நடத்தும் குழுக்கள் பாஸிடம் தோற்றுக் கலைந்ததைவிட ஆள் சேராமல் கலைந்ததுதான் அதிகம்.

டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் இருக்கும் பெயர்களை ஆட்களாக எண்ணுவது இதில் மூத்த தவறு. புதன்கிழமை "யார் யார் வர்றீங்க?" என்று கேட்டால் பதினான்கு கட்டைவிரல் விழும். வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்குப் பாருங்கள். "அண்ணே, முகாமுல புக் அவுட் லேட்டாயிடுச்சு, இப்பதான் பஸ்ல ஏறுறேன்." "பிள்ளைக்குக் காய்ச்சல்ணே, இன்னைக்கு என்னை விட்டுடுங்க." இன்னொருவர் சாங்கியில் யாருக்கோ ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்துவிட்டார், சொல்லத்தான் மறந்துவிட்டார். பத்து மணிக்கு எண்ணினால் ஒன்பது பேர். யாரையும் குறை சொல்ல முடியாது. தேசிய சேவையில் இருக்கும் தம்பிகளில் பலர் வெள்ளி மாலைதான் வெளியே வருவார்கள், ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பவேண்டும். அதை முடித்த அண்ணன்களுக்கும் ரிசர்விஸ்ட் என்ற மறுபயிற்சி இருக்கிறது, ஓராண்டில் 40 நாள் வரை கூப்பிடலாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ரெய்டு வைத்தாலோ பாதிப் பேர் தேக்காவில் பை தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அதனால் அளவை முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதம் வருகையை எழுதி வையுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். அந்த மாதத்தின் மோசமான இரவில் எத்தனை பேர் வந்தார்களோ, அதுதான் உங்கள் குழுவின் உண்மையான அளவு. மற்றதெல்லாம் அதற்கு மேல்தான்.

"எட்டுப் பேர்தானே, ஈசி" என்று ஃபைனல் ஃபேண்டசி 14 விளையாட்டின் சாவேஜ் என்ற கடினநிலை ரெய்டுக்குள் இறங்குவது அடுத்த தவறு. எண் சிறியது, ஆனால் வளையாது. பாஸின் அடியைத் தாங்கும் டாங்க் இரண்டு, குணப்படுத்தும் ஹீலர் இரண்டு, பாஸை அடித்துச் சாய்க்கும் டிபிஎஸ் நான்கு. பாஸ் ஒரு சமயம் எட்டுத் திசையிலும் ஆளுக்கொரு இடமாகப் பிரிந்து நிற்க வைக்கும். உடனே இரண்டிரண்டு பேராகச் சேரவேண்டும். அப்புறம் நான்கு நான்காகக் கூடி ஒரே அடியைப் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். வடகிழக்கில் நிற்கவேண்டியவர் இல்லையென்றால் அவருடைய ஜோடி முழு அடியையும் தனியாக வாங்கி விழுவார். அடுத்த அடி நான்கு பேருக்கு உரியது, அது இரண்டு பேர் தலையில் இறங்கும். பத்து விநாடியில் எல்லாரும் தரையில். இந்த இடத்தில் எவ்வளவு திறமைசாலி இருந்தாலும் பயனில்லை.

ஆக எட்டுப் பேர் குழுவில் ஒருவர் வராத இரவு என்பது ரெய்டே இல்லாத இரவு. பத்து பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இருவரில் ஒருவராவது ஹீலராகவும் டாங்க்காகவும் ஆடத் தெரிந்தவராக இருக்கட்டும். டிபிஎஸ் நால்வரும் ஒரே வகையாக இருப்பதும் நஷ்டம்தான். டாங்க், ஹீலர், பக்கத்தில் நின்று அடிப்பவர், தூரத்திலிருந்து அம்போ துப்பாக்கியோ விடுபவர், மந்திரம் போடுபவர் என்ற ஐந்து வகையும் இருந்தால் வகைக்கு 1 சதவீதமாக 5 சதவீதம் வரை எல்லாருடைய திறனும் கூடும். சும்மா சேர்ந்து சிரித்துப் பேசி ஆடத்தான் ஆசை என்றால் அதே விளையாட்டின் 24 பேர் அலையன்ஸ் ரெய்டுக்குப் போங்கள். அது எட்டுப் பேர் கொண்ட மூன்று அணி. உங்களிடம் ஆறு பேர்தான் இருந்தாலும் மீதி இடத்தை விளையாட்டே முன்பின் தெரியாதவர்களை வைத்து நிரப்பிவிடும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்களிடம் வேறொரு நோய்: பழைய நினைப்பு. "40 பேர் சேர்ந்து மோல்டன் கோர் போனோமே, அதுதான் ரெய்டு" என்பார்கள். 2004-இல் அந்த விளையாட்டு வந்தபோது பெரிய ரெய்டு என்றால் 40 பேர்தான், ஐந்து ஐந்தாக எட்டுக் குழு. ஆனால் அந்த 40 எப்படி நடந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஷாமன் வகுப்பில் ஆடுபவர் நட்ட டோட்டம் என்ற மந்திரக் கம்பம் அவருடைய ஐந்து பேருக்கு மட்டும்தான் பலன் தரும் என்பதால், யாரை எந்தக் குழுவில் போடுவது என்று ஒருவர் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடவேண்டியிருந்தது. வகுப்புக்கு ஒரு தலைவர், குணப்படுத்துபவர்களுக்குத் தனித் தலைவர் என்று ஒரு சின்ன அலுவலகமே நடந்தது. 2014-இல் வந்த வைல்ட்ஸ்டார் அந்த 40 பேர் ரெய்டைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தது. அடுத்த ஆண்டே அதை 20 ஆகக் குறைத்தது. 2018-இல் விளையாட்டையே மூடிவிட்டார்கள். மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் 40 பேரைச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்த 20 போதும்.

வார்கிராஃப்டின் வரலாற்றில் இன்றைக்கும் உதவும் பாடம் 2007-இல் இருக்கிறது. பர்னிங் க்ரூசேட் என்ற விரிவாக்கம் வந்தபோது முதல் ரெய்டான காராசான் 10 பேருக்கு, அதன்பின் வந்த பெரிய ரெய்டுகள் 25 பேருக்கு. காராசானுக்கு இரண்டு அணி வைத்திருந்த கில்டில், அதாவது ஆட்டக்காரர் சங்கத்தில், 20 பேர், இரண்டு இரண்டாக நான்கு டாங்க். அவர்களை ஒன்றாக்கினால் டாங்க் அதிகம், மொத்த ஆள் ஐந்து குறைவு, கூடவே இரண்டு தலைவர். பல நல்ல கில்டுகள் அந்தத் தையலில் கிழிந்தன. இரண்டு சின்ன அணியைக் கூட்டினால் ஒரு பெரிய அணி வந்துவிடும் என்று இன்றும் நினைக்கிறார்கள். வராது. 2010-இல் கேட்டக்லிசம் விரிவாக்கம் 10 பேருக்கும் 25 பேருக்கும் ஒரே தரப் பரிசு என்று ஆக்கியதும் 25 பேர் குழுக்கள் பல தானாகவே சுருங்கின. அதே வாள் கிடைக்கும் என்றால் 15 பேரைக் கூடுதலாகக் கூப்பிட்டு நேரம் பேசி ஒத்துப்போக யாருக்குப் பொறுமை?

2014-லிருந்து வார்கிராஃப்டில் நார்மல், ஹீரோயிக் என்ற இரண்டு கடினநிலையும் 10 முதல் 30 பேர் வரை வளைந்து கொடுக்கும். கல்யாணப் பந்தி மாதிரி, வந்தவர்களுக்கு இலை போட்டுவிடலாம். எல்லாவற்றிலும் கடினமான மித்திக் மட்டும் சரியாக 20. சிங்கப்பூரில் வேலை, குடும்பம், முகாம் எல்லாம் வைத்துக்கொண்டு ஆடும் குழுவுக்கு 12 முதல் 16 பேர் வரை உள்ள ஹீரோயிக்தான் பொருத்தம் என்பது என் கட்சி. இருவர் வராவிட்டாலும் இரவு வீணாகாது, ஒருவர் விருந்தினரோடு வந்தாலும் இடம் இருக்கும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. "இன்னும் ஒருத்தர்தானே, வரட்டும்" என்கிறோம். ஆள் கூடும்போது பாஸின் உயிரும் கூடும். வந்தவர் மற்றவர்களைப் போல அடிக்கவில்லையென்றால், அவர் வராத இரவைவிட அவர் வந்த இரவில் பாஸ் மெதுவாகத்தான் விழும். நண்பர் என்பதற்காகக் கூட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. அதை உதவி என்று நினைத்துக் கூட்டிக்கொள்ளாதீர்கள். மறுபக்கம், சண்டை நடுவில் செத்தவரை எழுப்பும் மந்திரம் ஆள் கூடக்கூட விரைவாகத் திரும்ப வரும். 90 நிமிடத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இடைவெளி: 10 பேருக்கு 9 நிமிடம், 15 பேருக்கு 6, 30 பேருக்கு 3. ஆகவே சின்னக் குழுவில் ஒரு சாவு ரொம்ப விலை. முதல் நிமிடத்திலேயே யாராவது தீயில் நின்றால் மீதிச் சண்டை தாங்காது.

மித்திக் போக 20 பேர் கிடைத்துவிட்டார்கள் என்று அடுத்த வாரமே கிளம்புவதும் வேண்டாம். 20 பேருக்கு 24, 25 பெயர் தேவை. அந்த மிச்ச நான்கைந்து பேரை என்ன செய்வது என்பதில்தான் குழுக்கள் சொதப்புகின்றன. ஒரே ஆளை வாராவாரம் பென்ச்சில் உட்கார வைத்தால் மூன்றாவது வாரம் அவர் வேறு கில்டில் இருப்பார். சுற்று முறையில் உட்கார வையுங்கள், யார் எந்த பாஸுக்கு வெளியே என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கே வந்து உட்கார்ந்தவரிடம் ஒன்பதரைக்கு "இன்னைக்கு நீங்க வேணாம்ணே" என்று சொல்வது அவமரியாதை.

அமைப்பைப் பற்றி: ஆள் இரட்டிப்பானால் எல்லாப் பாத்திரமும் இரட்டிப்பாகாது. வார்கிராஃப்டில் 10 பேருக்கும் டாங்க் இரண்டு, 30 பேருக்கும் பெரும்பாலும் இரண்டுதான். ஹீலர் ஐந்து பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். பயத்தில் கூடுதல் ஹீலர் வைக்கும் குழுவில் யாரும் சாகமாட்டார்கள், பாஸும் சாகாது. நேரம் முடிந்து வெறி பிடித்து எல்லாரையும் அடித்துவிட்டுப் போகும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ட்ரயல் என்ற 12 பேர் ரெய்டில் பலரும் வைப்பது இரண்டு டாங்க், இரண்டு ஹீலர், எட்டு டிபிஎஸ். கில்ட் வார்ஸ் 2-இல் கதை வேறு. அங்கே 10 பேர் என்பது ஐந்து ஐந்தாக இரண்டு குழு. வேகமும் மற்ற வரங்களும் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் சேரும் என்பதால், அடிக்கும் வேகத்தைக் கூட்டும் குவிக்னஸ் தருபவர் ஒருவர், திறன்களை விரைவாகத் திரும்ப வரவைக்கும் அலாக்ரிட்டி தருபவர் ஒருவர் என்று ஒவ்வொரு குழுவிலும் இருக்கவேண்டும். மொத்தமே இருவரை வைத்து, அவர்களையும் ஒரே குழுவில் போட்டுவிட்டு "டேமேஜ் ஏன் வரலை?" என்று மற்ற ஐந்து பேரைத் திட்டுவது அநியாயம்.

நேரத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் ஊரில் ஆள் குறைவதற்குப் பாதிக் காரணம் அது. ஓஷியானிக் சர்வரில் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்தால் அவர்கள் "எட்டு மணி" என்பது சிட்னி நேரம். நமக்கு அது ஆறு மணி. அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதால் ஐந்து மணி, அலுவலகத்தை விட்டே கிளம்பியிருக்க மாட்டோம். ஜூலையில் ஒத்துவந்த குழு நவம்பரில் ஆள் இழப்பது இதனால்தான். சேரும்போதே கோடைக்கால நேரம் எது என்று கேட்டுவிடுங்கள். ஃபைனல் ஃபேண்டசியின் ஜப்பான் சர்வர்கள் நமக்கு ஒரு மணி நேரம்தான் முன்னால், அதனால் அங்கே இந்தத் தலைவலி கிடையாது. வார்கிராஃப்ட் ஓஷியானிக்கில் வாரக் கணக்கு நம் செவ்வாய் இரவு 11 மணிக்குப் புரளும். செவ்வாய் ஒன்பதரைக்கு ரெய்டு வைத்தால் பாதியில் வாரம் மாறிவிடும், அதுவரை வீழ்த்திய பாஸ் எல்லாம் மறுபடி உயிரோடு நிற்கும். புதன் அல்லது வியாழன் வையுங்கள்.

தலைவர் விஷயம் கொஞ்சம்தான். டாங்க் ஆடுகிறவரே சண்டையில் குரல் கொடுத்து, பரிசு பிரித்து, வராதவருக்குப் போன் அடித்து, புதியவருக்குப் பாடம் எடுத்தால் இரண்டு மாதத்தில் அவரே வரமாட்டார். 10 பேருக்கே இரண்டு பேர் பொறுப்பில் இருக்கவேண்டும்: சண்டையில் பேசுபவர் ஒருவர், வருகையும் பரிசும் பார்ப்பவர் இன்னொருவர். 20 ஆனால் ஹீலர்களுக்குள் யார் எந்த நேரத்தில் பெரிய மந்திரம் போடுவது என்று ஒதுக்கித் தர மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் உங்களிடம் இன்னும் இல்லையென்றால், பெயர்ப்பட்டியலில் 25 பேர் இருந்தாலும் மித்திக்கைத் தள்ளிப் போடுங்கள்.