ஒரு ஜாடிக்குள் இரண்டு ஏரி

அப்பா குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் மழை பெய்தால் நல்ல தண்ணீர் மேலேயே நிற்கும், கலக்கிவிடாமல் வடித்துவிட்டால் உப்புக்குச் சேதமில்லை என்பார். போன மாதம் அக்கா மகளுக்கு, பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் தீவுகளின் ஜெல்லிமீன் ஏரியில் தண்ணீர் இரண்டு அடுக்காக நிற்பதைச் சொல்லப்போனேன். பேச்சில் விளங்கவில்லை, ஜாடியை எடுத்தேன்.

இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடி வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஜாடியில் பாதிக்கு ஊற்றுங்கள். புது முட்டை ஒன்றை மெதுவாக விடுங்கள், மிதக்கும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் மூடியை மிதக்கவிட்டு, நீல மை கலந்த நல்ல தண்ணீரை அதன்மேல் சிறு கரண்டியால் விடவேண்டும். இங்கேதான் பொறுமை. முதல் தடவை நான் செம்போடு கவிழ்த்தேன். எல்லாம் கலந்து முட்டை அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. சரியாக வந்தால் முட்டை நடுவில், நீலத்துக்கு அடியில் அப்படியே நிற்கும்.

இப்போது மேலே ஊதிப் பாருங்கள். நீலம் சுழலும், முட்டை அசையாது.

பலாவ் ஏரிக்கு ஆழம் சுமார் 30 மீட்டர். மேல் 15 மீட்டரில்தான் உயிர்வாயு உண்டு. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்றும் காடும் காற்றை மறைக்கின்றன. மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க அங்கே குளிர்காலம் கிடையாது. கடலோடு சேர்க்கும் பாறை இடுக்குகளும் மேலடுக்கில்தான் திறக்கின்றன. அதனால் அடித்தண்ணீரைக் கலக்க ஆளில்லை. பழையாறு கடலில் சேரும் நம் மணக்குடியில் இது நடக்காது. பொழி, அதாவது மணல் மூடிய ஆற்றுவாய், திறந்ததும் கடல் ஏறி இறங்கும், பழையாற்று வெள்ளம் வரும். போதாததற்கு ஆரல்வாய்மொழிக் காற்று வேறு.

பலாவ் ஏரியின் மேலடுக்கில் பொன்னிறச் சொறிகள், அதாவது ஜெல்லிமீன்கள், வெயிலைத் தொடர்ந்து நீந்துகின்றன. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிகள்தான் வெளிச்சத்தில் சமைத்துப் போடுகின்றன, அதனால்தான் இந்த அலைச்சல். கரை நிழலில் அவற்றைத் தின்னும் கடல் சாமந்திகள் என்ற பூப்போன்ற விலங்குகள் காத்திருக்கின்றன. இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் பாக்டீரியாக்கள் இளஞ்சிவப்பாய்ப் படர்ந்திருக்கும். அதற்குக் கீழே ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கரைந்த தண்ணீர். அந்த வாயு தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு என்பதால், காற்று உருளை கட்டி முங்க அங்கே அனுமதியில்லை.

கண்டல் காட்டுச் சேற்றைப் போட்டு அந்த நச்சு அடுக்கையும் ஜாடிக்குள் செய்யலாமா என்றாள் அக்கா மகள். வேண்டாம் என்றேன். முட்டையை மட்டும் இரண்டு நாளில் எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் ஏரியின் அடித்தண்ணீர் என்ன நாற்றம் நாறும் என்று வீட்டுக்கே தெரிந்துவிடும்.