முதல் எபிசோடைப் பார்த்ததும் கருத்து எழுதுவது எப்படி

கணினி அனிமேஷனில் புது சூப்பர்ஹீரோ தொடர் வந்தால், டிரெய்லரை வைத்தே 'முகமெல்லாம் பிளாஸ்டிக்' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சண்டையை விடுங்கள், இரண்டு பேர் சும்மா நின்று பேசும் காட்சியைப் பாருங்கள். நான் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். கேட்பவரின் கண் அசைகிறதா, தோள் இறங்குகிறதா? பொம்மை மாதிரி நின்றால் அதை எழுதலாம்.

அசைவு விட்டுவிட்டு வந்தால் அவசரப்படாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும்போது ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, 12 நிலைகளில் வேண்டுமென்றே அசைப்பதும் உண்டு. எனக்கு அது பிடிக்கும், சண்டையில் மட்டும்.

தெருவில் ஆளே இல்லையா? அது பெரும்பாலும் செலவுக் கணக்கு. ஒவ்வொரு உருவத்தையும் கணினியில் செய்து, கை கால் மடங்க உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு அமைப்பைப் பொருத்தி அசைக்க வேண்டுமே!

அப்புறம், வில்லன் யாரென்று உளறிவிடாதீர்கள்.