சத்யம் விவகாரத்தின் வழியே: மோசடி ஆபத்தை மதிப்பிடும்போது தணிக்கையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதம், ஏட்டில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. வங்கி இருப்பைச் சரிபார்ப்பது தணிக்கைப் பயிற்சியாளர் தொடக்கத்திலேயே கற்கும் வேலை. எளிய வேலை என்பதாலேயே அதை ஆபத்து குறைந்த இனமாக ஒதுக்கிவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

இருப்பு எவ்வளவு என்று உறுதிப்படுத்தக் கேட்கும் கடிதத்தை வங்கிக்குத் தணிக்கையாளரே அனுப்பி, பதிலையும் நேரடியாகப் பெற வேண்டும். சத்யத்தில் இந்தப் பிடி நிறுவனத்தின் கைக்கே நழுவியது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் முடிவுசெய்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதைதான்! பதில் மின்னஞ்சலில் வந்தாலும் அனுப்பியவர் வங்கிதானா என்று பாருங்கள். கிளையின் தொலைபேசி எண்ணை நிறுவனத்திடம் கேட்டு வாங்காதீர்கள்.

வைப்புத்தொகையை வட்டியோடு சேர்த்துப் பார்க்காததும் பெரிய தவறு. சத்யம் ஏட்டில் வரவேண்டிய வட்டியாகக் காட்டிய 376 கோடியும் பொய். இந்தியாவில் நிறுவனங்களின் வைப்புக்கு வட்டி தரும் வங்கி, வழக்கமாக வரியைப் பிடித்தம் செய்து வருமானவரித் துறையிடம் கட்டும். அந்தப் பிடித்தக் கணக்கு ஏட்டிலுள்ள வட்டியோடு பொருந்துகிறதா? நிறுவனத்தின் கைபடாத இத்தகைய சான்றைத் தேடிப் போவதே நம் வேலை.

வருவாயில் மோசடி ஆபத்து உண்டு என்றே தொடங்கச் சொல்கிறது தணிக்கைத் தரநிலை 240. அந்த ஆபத்து இல்லை என்று விலக்கினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். போன ஆண்டுக் கோப்பிலிருந்து அதே வரியை நகலெடுப்பது காரணம் ஆகாது. லாப விகிதம் இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் ஆபத்து. 2008 செப்டம்பர் காலாண்டில் சத்யம் காட்டியது 24 சதவீதம், ராஜுவின் கடிதப்படி உண்மையில் 3 சதவீதம். ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு 24 அப்படியொன்றும் கண்ணை உறுத்தும் எண் அல்ல. விலைப்பட்டியலிலிருந்து வாடிக்கையாளர் வரை, அங்கிருந்து வந்துசேர்ந்த பணம் வரை பின்தொடர்ந்தால்தான் பொய் பிடிபடும்.

விசாரணையை நிதி இயக்குநரின் அறையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். விலைப்பட்டியல் போடும் ஊழியரையும் உள்தணிக்கைக் குழுவையும் தனியாகக் கேளுங்கள். காலாண்டின் கடைசி நாட்களில் மேலதிகாரிகள் தாமே போட்ட பதிவுகளைத் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூல ஆவணம் கேளுங்கள்.